ஆசிரியர் நண்பருக்கு எழுதிக் கொடுத்த முதற் பதிப்பு: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் இருந்து வரும் கேள்விகள்

வாசிக்கும் பழக்கம் இருந்த வீட்டின் பழைய அலுமாரியில், முன்தாளில் ஆசிரியர் பேனையால் நாலு வரி எழுதிய புத்தகம் ஒன்றாவது இருக்கும். அதைக் கண்டெடுப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். முழுவதையும் வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: எழுத்து இருக்கும் தாளைத் துடைக்கவோ, ஒட்டவோ, வெட்டவோ நினைத்தால் அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

எங்கட அப்பாட அலுமாரிக்குள்ள ஒரு பழைய புத்தகம் கிடக்கு. முதல் தாளில ஆசிரியர் தன்ர கையால எழுதிக் குடுத்திருக்கார். இது பெரிய விசயமா?

பெரிய விடயம்தான். கிழக்கில் வெளிவந்த பல நூல்கள் ஆசிரியரே கைக்காசு போட்டு, சிறு தொகையாக அச்சிட்டவை. விற்றதைவிடக் கையில் கொடுத்தது அதிகம். அப்படிப் பரவிய பிரதிகளில் ஒரு பங்கை 1978 நவம்பர் 23 சூறாவளி கொண்டுபோனது. இடப்பெயர்வுகளில் இன்னொரு பங்கு வீடுகளோடு போனது. 2004 டிசம்பர் 26 கடல்கோளும் 2011 ஜனவரி வெள்ளமும் மிச்சத்தில் கைவைத்தன. ஆகவே நல்ல நிலையில் உள்ள ஒரு முதற் பதிப்பே அரிது. அதில் ஆசிரியரின் கையெழுத்தும் ஒரு நண்பரின் பெயரும் திகதியும் இருந்தால், வேறெங்கும் பதிவாகாத ஒரு செய்தி அந்தத் தாளில் இருக்கிறது: இந்த எழுத்தாளர் இந்த ஆளோடு இந்தக் காலத்தில் பழகினார், தன் நூலை இவர் வாசிக்கவேண்டும் என்று விரும்பினார்.

“சமர்ப்பணம்” எண்டு அச்சில இருக்கிறதும் இதுவும் ஒண்டா?

இல்லை. அச்சிட்ட சமர்ப்பணம் எல்லாப் பிரதியிலும் இருக்கும். முன்னுரைக்குக் கீழே கையொப்பம்போலத் தெரிவதும் பல வேளை பிளொக் (அச்சுக்கட்டை) செய்து அச்சிட்டதே. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்: அச்சில் மையின் கருமை எங்கும் ஒரே அளவாக இருக்கும், அல்லது புள்ளிகளாகப் பிரியும். பேனை எழுத்தில் கோடு தொடங்கும் இடமும் வளையும் இடமும் கருத்து, நடுவில் வெளிறும்.

கையால் எழுதியதிலும் தரம் உண்டு. நம் ஊர் வெளியீட்டு விழாக்களில் முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடையில் வழங்குவார்கள். அங்கே வரிசையில் நின்றவர்களுக்கு “அன்புடன்” என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்ட பிரதிகள் பல இருக்கும். நண்பரின் பெயர், இருவருக்கும் மட்டும் புரியும் ஒரு வரி, ஊர், திகதி என்று ஆறுதலாக எழுதியது வேறு. நாங்கள் முதலில் தேடுவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

முதற் பதிப்பா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். “முதற் பதிப்பு” என்றும் ஆண்டும் அச்சகத்தின் பெயரும் அங்கே இருப்பது வழக்கம். சில பழைய நூல்களில் அச்சக விபரம் கடைசிப் பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும். பதிப்பு எண்ணே இல்லாவிட்டால் முன்னுரை, அணிந்துரை, ஆசியுரை ஆகியவற்றின் கீழுள்ள திகதிகளை ஒப்பிடுங்கள். எல்லாம் சில மாதங்களுக்குள் அடங்கினால் முதற் பதிப்பாக இருக்க இடமுண்டு. “இரண்டாம் பதிப்பின் முன்னுரை” என்று ஒன்று இருந்தால் பேச்சே இல்லை.

பலரை ஏமாற்றுவது படமெடுத்து மறுபதிப்புச் செய்த நூல். பழைய தலைப்புப் பக்கத்தையும் “முதற் பதிப்பு” என்ற வரியையும் அது அப்படியே காட்டும். தாளின் பின்புறத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்துக் கோத்து அடித்த தாளில் எழுத்து அழுத்திய மேடு தட்டுப்படும். ஓப்செட் முறையில் அச்சிட்ட தாள் வழுவழுப்பாக இருக்கும். பின்னட்டையையும் விடாதீர்கள். பதின்மூன்று இலக்க சர்வதேச நூல் எண் (ISBN) 2007 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அது இருக்கும் பிரதி 1960களின் பதிப்பு ஆகாது.

எழுத்து வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம். தமிழ்நாடு 1978 இல் சீர்திருத்த வடிவங்களை ஏற்றபின்னும் இலங்கை அச்சகங்களில் கொம்பு வைத்த பழைய ணை, லை நெடுங்காலம் இருந்தன. பழைய எழுத்து இருப்பதால் மட்டும் புத்தகம் பழையதாகிவிடாது.

“குரோதி வருசம் தை 12” எண்டு எழுதிக் கிடக்கு. இது எந்த ஆண்டு?

அறுபது ஆண்டு வட்டத்தில் குரோதி 1964 சித்திரையில் தொடங்கி 1965 பங்குனியில் முடிந்தது. தை மாதம் ஜனவரி நடுவில் பிறப்பதால் தை 12 என்பது 1965 ஜனவரி கடைசியில் விழும். பலர் 1964 என்று குறித்துவிடுகிறார்கள். தை, மாசி, பங்குனி வந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டவேண்டும். அடுத்த குரோதி 2024 இல் வந்தது என்பதால், எந்த வட்டம் என்பதை நூலின் அச்சு ஆண்டை வைத்துத் தீர்மானியுங்கள்.

திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 ஐக் கழியுங்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு இப்படி ஒரே எண்ணைக் கழிக்க முடியாது, மாற்று அட்டவணை வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, ஹிஜ்ரி 1384 என்பது 1964 மே நடுவில் தொடங்கியது. பழைய பண்டிதர்கள் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று குறி இடுவார்கள். இவற்றைக் கிறுக்கல் என்று விட்டுவிடாதீர்கள்.

வாப்பாட பேருக்கு எழுதின புத்தகத்தில “கல்முனை, மட்டக்களப்பு மாவட்டம்” எண்டு போட்டிருக்கு. கல்முனை அம்பாறையெல்லோ? பொய்யாக்கும்?

பொய்யில்லை. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். அதற்கு முன் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, அக்கரைப்பற்று எல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தன. பிரிந்த பின்னும் பழக்கத்தால் அப்படியே எழுதியவர்கள் உண்டு. சந்தேகப்படவேண்டியது தலைகீழான நிலைமையில்: 1958 என்று திகதியிட்ட கையெழுத்தில் “அம்பாறை மாவட்டம்” என்று இருந்தால் நன்றாக யோசியுங்கள்.

உண்மையா ஆசிரியர்தான் எழுதினாரா? கடைக்காரர் எழுதி ஏமாத்த ஏலாதா?

ஏலும். முதலில் காலக் கணக்கைப் பாருங்கள். சுவாமி விபுலானந்தரின் யாழ்நூல் 1947 ஜூன் தொடக்கத்தில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடிகள் அதே ஆண்டு ஜூலை 19 இல் மறைந்தார். அந்த நூலை அவர் கையொப்பமிட்டுக் கொடுக்கக் கிடைத்த காலம் ஆறு கிழமை அளவுதான். ஓகஸ்ட் திகதியுடன் ஒரு பிரதி வந்தால் அதற்குமேல் ஆராய வேலையில்லை. கவிஞர் நீலாவணன் 1975 இல் காலமானார். அவருடைய வேளாண்மைக் காவியம் நூலானது 1982 இல். அதில் அவர் கையொப்பம் இருக்க வழியே இல்லை.

அடுத்தது மை. ஊற்றுப்பேனை, குமிழ்முனைப் பேனை, ஜெல் பேனை என்ற வரிசையில் இவை வந்தன. ஜெல் பேனை 1980களில் பிறந்தது. 1964 திகதியை அதனால் எழுதியிருந்தால் கதை முடிந்தது. பூச்சி அரித்த துளைகளையும் பாருங்கள். எழுதிய பின் பூச்சி துளைத்திருந்தால் துளையின் ஓரம் வெட்டினதுபோல இருக்கும். துளை விழுந்த தாளில் பிறகு எழுதினால் மை துளையின் ஓரத்துக்குள் இறங்கி ஊறியிருக்கும். நாட்பட்ட தாள் மையை உறிஞ்சுவதால், புதிதாக எழுதிய கோடு மயிர்விட்டதுபோல் பரவும். ஊற்றுப்பேனையால் எழுதி மை காயமுன் மூடிய புத்தகத்தில் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக மெல்லிய தடம் இருக்கும். அது நல்ல அடையாளம்.

கடைசியாகக் கையெழுத்தை ஒப்பிடுங்கள். கையொப்பத்தை மட்டும் பார்க்காமல் ழ, ண, க்ஷ போன்ற எழுத்துகளின் சுழிப்பு, வரியின் சாய்வு, பேனை தூக்கும் இடங்கள் ஆகியவற்றை அதே காலத்துக் கடிதம் ஒன்றோடு வைத்துப் பாருங்கள். இருபது ஆண்டு இடைவெளியில் கையெழுத்து மாறிவிடும் என்பதால், முதுமைக் காலக் கடிதத்தோடு ஒப்பிட்டு இளமைக் கையெழுத்தைப் பொய் என்று தள்ளவேண்டாம்.

புத்தகம் 1962ல வந்தது, எழுத்தில 1971 எண்டு திகதி. அப்ப பிழைதானே?

பிழையாக இருக்கவேண்டியதில்லை. வீட்டில் மிஞ்சியிருந்த முதற் பதிப்பை ஆண்டுகள் கழித்து எடுத்துக் கொடுப்பது எழுத்தாளர்களின் வழக்கம். நண்பர் கடையில் வாங்கிய பிரதியைப் பிறகு சந்தித்தபோது நீட்டி எழுதுவித்திருக்கவும் கூடும். நூலில் உள்ள மாதத்துக்குச் சில கிழமை முந்திய திகதி இருந்தாலும் கலங்கவேண்டாம். கட்டி முடித்த முதல் சில பிரதிகள் விழாவுக்கு முன்பே நெருங்கியவர்கள் கைக்குப் போகும்.

“நண்பர் க. அவர்கட்கு” எண்டு மட்டும் இருக்கு. அந்தக் க. ஆரு?

முதலில் அதே புத்தகத்தின் நன்றியுரையைப் பாருங்கள். படி திருத்தியவர், பணம் உதவியவர், படம் வரைந்தவர் என்று அங்கே ஒரு க. நிற்கலாம். பிறகு ஆசிரியர் படிப்பித்த பாடசாலைகளின் ஆண்டுமலர்கள், ஆசிரிய கலாசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள். மிகப் பயன்படுவது முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவுமலர். அதில் பிறந்த ஊர், தொழில், மணவழி உறவு, நண்பர்களின் இரங்கலுரை எல்லாம் இருக்கும். ஆசிரியரே அதில் ஒரு பாட்டு எழுதியிருக்கவும் கூடும். “மச்சான்” என்று விளித்திருந்தால் உடனே உறவுமுறை கட்டவேண்டாம், இங்கே நண்பர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

புத்தகத்துக்குள் இருக்கும் அழைப்பிதழ், தபாலட்டை, பஸ் ரிக்கட், பத்திரிகைத் துண்டு எதையும் எறியாதீர்கள். எந்தப் பக்கங்களுக்கிடையில் இருந்தது என்று குறித்து, தனி உறையில் வையுங்கள். பத்திரிகைத் தாள் பக்கத்தைப் பழுப்பாக்கும் என்பதால் அதை உள்ளே விடக்கூடாது. கொடுத்தவரையும் வாங்கியவரையும் நேரில் தெரிந்த மூத்தவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி, சொன்னவர் பெயரும் நாளும் இடுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட இடமில்லை.

போனால படம் எடுத்தாக் காணுமா?

காணும், ஒழுங்காக எடுத்தால். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் விழாத யன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல். புத்தகத்தைத் தட்டையாக விரித்து அழுத்தாமல், திறந்த அட்டைக்குக் கீழே மடித்த துணி வைத்து நூற்றிருபது பாகைக்குள் நிறுத்துங்கள். போன் தாளுக்கு நேர் மேலே இருக்கட்டும். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்தால் பிறகு அளவு தெரியும். எடுக்கவேண்டியவை: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, எழுத்துள்ள தாள், அதன் மறுபுறம், எதிர்ப்பக்கம், தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், கடைசிப் பக்கம். ஸ்கேன் செய்தால் எழுத்துள்ள தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி (dpi) அடர்த்தியில் நிறத்துடன் எடுங்கள், கறுப்பு வெள்ளையில் வேண்டாம். வட்சப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

எழுத்து மங்கிப் போச்சு. அதுக்கு மேலால பேனையால எழுதலாமா?

வேண்டவே வேண்டாம். மேலால் எழுதிய கணமே அது ஆசிரியரின் கையெழுத்தாக இல்லாமல் போகிறது. எலுமிச்சஞ்சாறு, தேயிலைச் சாயம், ஈரப் பஞ்சு எதுவும் கூடாது. மங்கிய எழுத்தை வாசிக்க, டோர்ச் வெளிச்சத்தைத் தாளின் ஓரத்தில் கிடையாகப் பிடித்துப் படமெடுங்கள். பேனை அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். குமிழ்முனைப் பேனை எழுத்துக்கு இந்த முறை நன்றாகக் கைகொடுக்கும். பிறகு படத்தில் கருமையைக் கூட்டிப் பார்க்கலாம். வாசித்ததைத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

கிழிஞ்ச தாளைச் செலோடேப்பால ஒட்டினா என்ன? லெமினேற் பண்ணினா?

செலோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி மைக்குள் இறங்கும், நாடா உதிர்ந்தாலும் கறை போகாது. லெமினேற் செய்யும்போது சூட்டில் பிளாஸ்ரிக் தாளோடு ஒன்றிவிடும். அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. கிழிந்த தாளைச் சுத்தமான வெள்ளைத்தாள் மடிப்புக்குள் வைத்து அப்படியே விடுங்கள். அதுவே போதும். ஏற்கெனவே ஒட்டிய செலோடேப்பைப் பிய்க்கவும் வேண்டாம், மை நாடாவோடு வந்துவிடும்.

எங்கட ஊர் உப்புக்காத்துக்கும் மழைக்கும் எப்பிடி வைச்சா நல்லம்?

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர்களில் வடகீழ்ப் பருவமழைக் காலம்தான் கண்டம். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டி அலுமாரியை வைக்காதீர்கள், நாலு விரற்கடையாவது இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்கட்டும். வெள்ளம் ஏறும் வீடு என்றால் இந்தப் புத்தகம் மேல்தட்டில்தான் இருக்கவேண்டும். இரும்பு அலுமாரி கறையானுக்கு நல்லது, ஆனால் உள்ளே காற்றோட்டம் இல்லை. கிழமைக்கு ஒருதரம், மழையில்லாத பகலில் ஒரு மணிநேரம் திறந்துவிடுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லாத் தட்டுகளையும் வெளியே எடுத்துத் துடைக்கலாம். வெயிலில் காயப்போட மட்டும் கூடாது, மை வெளிறும், தாள் மொறுமொறுத்துவிடும்.

புத்தகத்தை அமிலமற்ற தாளில் சுற்றி, பருத்தி நாடாவால் தளரக் கட்டி, அட்டைப் பெட்டியில் வையுங்கள். இறப்பர் வளையம் உருகி ஒட்டும். பிறவுண் பேப்பர் உறையும் பொலித்தீன் உறையும் வேண்டாம். வேப்பிலையைத் தட்டில் போடலாம், பக்கங்களுக்கிடையில் வைத்தால் கறை பிடிக்கும். பூச்சிமுட்டை (நப்தலீன் உருண்டை) மூச்சுக்கும் கெடுதி, அட்டைக்கும் நல்லதல்ல. மண்ணெண்ணெய் பூசும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

பூச்சி இப்ப அரிச்சுக்கொண்டிருக்கு. என்ன செய்ற?

மற்றப் புத்தகங்களிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். உறைகுளிர்ப் பெட்டியில் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸில் இரண்டு கிழமை விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும். உடனே திறந்தால் தாளில் நீர் கோத்து மை கரையும். பிறகு மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். கறையான் என்றால் புத்தகத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை, புற்று வரும் வழியைச் சுவரில் தேடவேண்டும்.

வெள்ளத்தில நனைஞ்சிற்று. அவசரம்!

நாற்பத்தெட்டு மணிநேரத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். சேறு பட்டிருந்தாலும் எழுத்துள்ள தாளைக் கழுவாதீர்கள். கழுவக்கூடிய நீல மை தண்ணீரோடு போய்விடும். பழைய கொப்பிப் பென்சில் எழுத்தோ ஊதாவாகிப் பரவும். புத்தகத்தை நிமிர்த்தி நீரை வடியவிட்டு, எழுத்துள்ள தாளின் இருபுறமும் முதலில் அச்சில்லாத வெள்ளை உறிஞ்சுதாள் வையுங்கள். ஒற்றவேண்டும், தேய்க்கக்கூடாது. பத்திரிகைத் தாள் வைத்தால் அதன் மை ஏறும். பிறகு இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு தாளாக வைத்து, மணிக்கொருதரம் மாற்றி, மின்விசிறிக் காற்றில் நிழலில் விடுங்கள். காற்று நேராகப் படவேண்டாம். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தில் பிரித்தால் கிழியும்.

உடனே காயவைக்க முடியாவிட்டால் மேலே சொன்னபடி பையில் இட்டு உறையவிடுங்கள், பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். கடல்நீரில் நனைந்தது காய்ந்தாலும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அத்தகைய பிரதியைத் தனியே வைத்து, பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கட்டு விட்டுப்போச்சு. புதிசாக் கட்டக் குடுக்கவா?

பக்கங்கள் உதிராதவரை கொடுக்காதீர்கள், பருத்தி நாடாக் கட்டுப் போதும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் மூன்று விடயங்களைக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள்: விளிம்பை வெட்டக்கூடாது, முன்தாளை மாற்றக்கூடாது, பழைய அட்டையைத் திருப்பித் தரவேண்டும். சொல்லாவிட்டால் கட்டுபவர் வழக்கப்படி மூன்று பக்கமும் சீராக வெட்டுவார். தாளின் மேல்மூலையில் எழுதிய திகதி அதோடு போகும்.

வித்தா எவ்வளவு வரும்?

விலைப்பட்டியல் என்று ஒன்று கிடையாது. எழுதியவர் யார், பெற்றவர் யார், வாசகம் எவ்வளவு விரிவு, எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது, நிலை என்ன, கைமாறிய வழி தெரியுமா என்பவற்றைப் பொறுத்து மாறும். பெற்றவரும் அறியப்பட்ட ஒருவர் என்றால் மதிப்பு ஏறும். வாசகம் உள்ள தாளை மட்டும் கேட்பவருக்கு எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள். தாளும் கெடும், புத்தகமும் கெடும். எங்கள் எண்ணம், விற்பதற்கு முன் முழு நூலையும் எண்ணிமப் (டிஜிட்டல்) பிரதியாக்க வேண்டும் என்பது. வாங்குபவர் எங்கே கொண்டுபோவார் என்று நமக்குத் தெரியாது.

கனடாவில இருக்கிற தம்பி தன்னட்ட அனுப்பச் சொல்றான். அனுப்பலாமா?

அதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிக் கேளுங்கள். பழம்பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நூலின் பெயர், ஆண்டு, படங்கள் ஆகியவற்றை அனுப்பி, வரும் பதிலைப் புத்தகத்தோடு வையுங்கள். தம்பிக்குத் தேவை வாசிப்பது என்றால் நல்ல ஸ்கேன் போதும்.

ஃபேஸ்புக்கில போடலாமா? “நூலகம்” இணையத்தளத்துக்குக் குடுக்கலாமா?

புத்தகம் உங்களுடையது, அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை ஆசிரியருடையது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் எழுபது ஆண்டுகளும் நிற்கும். 1947 இல் மறைந்தவரின் எழுத்து 2017 முடிவோடு பொதுவுக்கு வந்துவிட்டது. 1975 இல் மறைந்தவருடையது இன்னும் வரவில்லை, குடும்பத்தாரிடம் கேட்கவேண்டும். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது, வாசகம் உள்ள தாளையும் சேர்த்து ஸ்கேன் செய்யும்படி குறிப்பாகச் சொல்லுங்கள். வேறொரு பிரதி முன்பே ஏறியிருந்தாலும் உங்கள் தாள் அதில் இருக்காது. நண்பரின் குடும்பத்தை நோகடிக்கும் சொந்த விடயம் ஏதும் எழுதியிருந்தால் பொதுவெளியில் போடவேண்டாம்.

லைப்ரரிக்குக் குடுத்தா ஆசிரியர்ர எழுத்துக்கு மேலேயே சீல் அடிச்சிருவாங்களே?

அடிக்கக்கூடும். அதனால் பேசிய பின் கொடுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நகரங்களில் பொது நூலகங்கள் உண்டு. யாரிடம் கொடுத்தாலும் நூலகரைச் சந்தித்து இரண்டு பிரதியில் ஒரு கடிதம் எழுதுங்கள். வாசகம் உள்ள தாளில் முத்திரை வேண்டாம், இரவல் பகுதிக்குப் போகக்கூடாது, பட்டியலில் “ஆசிரியர் கையெழுத்துடன்” என்ற குறிப்பு வேண்டும், கழிப்பதானால் குடும்பத்துக்கு முதலில் அறிவிக்கவேண்டும் என்று நிபந்தனை இடலாம். நீங்கள் எழுதிவைத்த குறிப்பும் புத்தகத்தோடு போகட்டும்.

பழைய புத்தகக் கடையில வாங்கினன். உள்ள ஒரு பாடசாலைட முத்திரை கிடக்கு. வைச்சிருக்கலாமா?

“கழிக்கப்பட்டது” என்ற முத்திரை இருந்தால் தயக்கமில்லை. இல்லாவிட்டால் அந்தப் பாடசாலைக்கு ஒரு கடிதம் போடுங்கள். இடப்பெயர்வுக் காலங்களில் நூலகங்கள் சிதறின; கடைக்காரரையோ முன்னைய உரிமையாளரையோ கள்ளன் என்று எண்ணவேண்டியதில்லை. அவர்கள் திரும்பக் கேட்டால் கொடுங்கள், ஸ்கேன் உங்களிடம் இருக்கும். முத்திரையை அழிக்க முயலவேண்டாம், அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆசிரியர் எழுதினதுக்குக் கீழ, நண்பர் இன்னொராளுக்கு எழுதிக் குடுத்திருக்கார். கீழ உள்ளதை அழிச்சா நல்லமா?

அழிக்காதீர்கள். புத்தகம் மூன்றாவது கைக்குப் போன விதம் அங்கே பதிவாகியிருக்கிறது. ஆசிரியரின் வரி உண்மையானது என்பதற்கும் அது வலுச்சேர்க்கும், ஏனெனில் இரண்டு மையும் இரண்டு கையும் வெவ்வேறு காலத்தவை என்று ஒப்பிட்டுக் காட்டலாம்.

நாங்க மூண்டு பிள்ளைகள், புத்தகம் ஒண்டுதான். ஆருக்குச் சேரும்?

தாளைப் பிரிக்கக் கேட்ட குடும்பங்களும் உண்டு. அது மட்டும் கூடாது. ஒருவர் வீட்டில் இருக்கட்டும், மற்ற இருவருக்கும் 600 புள்ளி ஸ்கேன். யாரிடம் இருக்கிறது, அவருக்குப் பின் எங்கே போகும் என்பதை மூவரும் ஒப்பமிட்ட ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். எந்த வீட்டில் வெள்ளம் ஏறாது என்று பார்த்து வீட்டைத் தெரிவுசெய்தால் இன்னும் நல்லது.